கொடையாளர் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமையேற்பவருக்கு

கேள்வி சுருக்கமாக இதுதான். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிதி திரட்டும் அலுவலகத்தில் சில ஆண்டுகள் ஆய்வாளராக இருந்த ஒருவர், இப்போது மூன்று பேர் கொண்ட கொடையாளர் ஆய்வுப் பிரிவுக்குத் தலைவராகியிருக்கிறார். பல ஆண்டுகள் நீளும் பெரிய நிதி திரட்டல் விரைவில் தொடங்கவிருக்கிறது. வேலையை எங்கிருந்து தொடங்குவது, பிரிவின் பணியை எதைக் கொண்டு அளப்பது, சொத்து மதிப்பிடும் மென்பொருளை உடனே வாங்கிவிடலாமா என்று கேட்கிறார். இதே வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அலுவலகத்திலிருந்தே அகற்ற வேண்டியிருக்கும். ஆய்வுப் பிரிவு என்றால் பணக்காரர்களின் பட்டியலைத் தயாரித்துத் தரும் இடம் என்றுதான் மேலதிகாரிகளில் பலர் நினைக்கிறார்கள். பணக்காரர்களின் பட்டியல் எந்த வணிக இதழிலும் கிடைக்கும். அதற்கு உங்கள் பிரிவு தேவையில்லை. இவரால் கொடுக்க முடியுமா, கொடுக்கும் மனம் உள்ளவரா, நம் பல்கலைக்கழகத்தோடு இவருக்கு உண்மையான பந்தம் உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியே விடை சொல்வதும், அந்த விடை எதிலிருந்து கிடைத்தது, எவ்வளவு உறுதியானது என்பதை மறைக்காமல் எழுதுவதும்தான் நம் வேலை. மூன்றில் முதல் கேள்வியே எளிதானது. ஆனால் நேரத்தில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடுகிறது. தலைவராக நீங்கள் செய்ய வேண்டிய முதல் திருத்தம் இதுதான்.

பந்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு, எல்லோரும் அறிந்த கொடைகளின் தொடக்கத்தைப் பார்த்தாலே போதும். மைக்கேல் ப்ளூம்பெர்க் 2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு 180 கோடி டாலர் அறிவித்தபோது உலகம் அந்தத் தொகையைப் பேசியது. அவர் அங்கே படித்து முடித்த மறுஆண்டு, 1965-இல், அதே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய முதல் கொடை 5 டாலர். நந்தன் நிலேகணி 2023-இல் மும்பை ஐஐடிக்கு 315 கோடி ரூபாய் தந்தார். 1973-இல் அங்கே சேர்ந்த அவருக்கு அது ஐம்பதாவது ஆண்டு. அதற்கு முன்பே அவர் பல தவணைகளில் 85 கோடி தந்திருந்தார். சென்னை ஐஐடிக்கு 2024-இல் 228 கோடி ரூபாய் தந்த கிருஷ்ணா சிவுகுலா அங்கே முதுநிலைப் பட்டம் பெற்றது 1970-இல். இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், உங்கள் பிரிவு முதலில் தோண்ட வேண்டிய இடம் வெளியே இல்லை, உங்கள் அலுவலகத்தின் பழைய ரசீதுகளில்தான் இருக்கிறது என்பது விளங்கும். இருபது ஆண்டுகளாக விடாமல் ஆண்டுக்கு 50 டாலர் அனுப்பிக்கொண்டிருக்கும் முன்னாள் மாணவரின் பெயர், எந்த மென்பொருளும் மேலே கொண்டுவராத பெயராக இருக்கலாம். கடைசியாக எப்போது கொடுத்தார், எத்தனை முறை கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்ற மூன்றையும் சேர்த்து ஒரு பட்டியல் எடுங்கள். முதல் மாதத்தில் இதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை.

சொத்தை மட்டும் வைத்து மனிதரை அளக்க முடியாது என்பதற்கு நான் புதிய ஆய்வாளர்களிடம் எப்போதும் சொல்லும் பெயர் ஓசியோலா மெக்கார்ட்டி. மிசிசிப்பி மாநிலத்தில் வாழ்நாள் முழுவதும் பிறர் துணிகளைத் துவைத்துப் பிழைத்த அந்த அம்மையார், 1995-இல் தம் 87-ஆம் வயதில், தெற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஏழை மாணவர்களுக்கென 1,50,000 டாலரை எழுதிவைத்தார். அவர் அங்கே படித்தவரில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எந்தச் சொத்துத் தேடலும் அவரைக் கண்டுபிடித்திருக்காது. ஆய்வால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நினைப்பு நம் பிரிவுக்குள் வளராமல் இருக்க இந்தப் பெயர் நினைவில் இருக்க வேண்டும்.

தமிழர்களுக்கு நெருக்கமான சான்றும் ஒன்று உண்டு. ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமையத் தேவைப்பட்டது 60 லட்சம் டாலர். அமெரிக்காவில் மருத்துவர்களாக இருந்த ஜானகிராமனும் திருஞானசம்பந்தமும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்து முதல் அடியை எடுத்து வைத்தார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. மீதித் தொகை உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோரின் சிறிய, நடுத்தரக் கொடைகளாகச் சேர்ந்து 2018-இல் இலக்கு நிறைவேறியது. கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்வர்டோடு எந்தத் தொடர்பும் இல்லை. பந்தம் மொழியோடு இருந்தது. ஹார்வர்டின் முன்னாள் மாணவர் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தேடியிருந்தால் இவர்களில் எத்தனை பேர் கண்ணில் பட்டிருப்பார்கள்? ஆகவே ஒரு திட்டத்துக்குக் கொடையாளர் தேடும்போது, 'நம்மிடம் படித்தவர்கள் யார்' என்பதோடு நிறுத்தாமல், 'இந்தப் பொருளின் மேல் உயிரை வைத்திருப்பவர்கள் யார்' என்றும் கேட்கப் பழக்குங்கள்.

இனி, கொடுக்கும் திறனை மதிப்பிடுவது பற்றி. இங்கே தலைவர் நுணுக்கங்களைத் தாமே அறிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஆய்வாளர் தரும் எண்ணைக் கேள்வி கேட்க முடியாது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனத்தின் இயக்குநர்கள், உயர் அதிகாரிகள், 10 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்போர் ஆகியோர் தம் பங்குகளில் ஏற்படும் மாற்றத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் படிவம் 4 வழியாக அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவத்தில் ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்துக் குறியீடு இருக்கும். 'எஸ்' என்றால் விற்பனை, 'எம்' என்றால் நிறுவனம் தந்த வாங்கும் உரிமையைப் பயன்படுத்தியது, 'எஃப்' என்றால் வரிக்காகப் பிடித்துக்கொள்ளப்பட்டது. புதிய ஆய்வாளர்கள் 'எஃப்' வரியைப் பார்த்துவிட்டு 'பெருமளவில் பங்குகளை விற்றிருக்கிறார்' என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அவர் கையில் ஒரு காசும் வந்திருக்காது. 'ஜி' என்ற எழுத்தைக் கண்டால் நிமிர்ந்து உட்காருங்கள்; அது அவர் பங்குகளை யாருக்கோ கொடையாகத் தந்ததைக் காட்டுகிறது. முன்பு இதை ஆண்டு முடிந்த பிறகு தெரிவித்தால் போதும் என்றிருந்தது. 2023 முதல் கொடைகளையும் இரண்டு நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். குடும்பத்தினருக்குத் தந்ததும் அதே எழுத்தில்தான் வரும் என்பதால் அடிக்குறிப்பைப் படிக்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

வீட்டு மதிப்பிலும் இப்படியொரு பள்ளம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1978-இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி, வீடு கைமாறாத வரை அதன் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏற முடியாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வீட்டின் அரசுப் பதிவு மதிப்பு, சந்தை விலைக்கு எட்டாத தொலைவில் நிற்கும். அதை அப்படியே எடுத்து எழுதினால், முதிய முன்னாள் மாணவர்களின் திறனைத் தொடர்ந்து குறைத்தே மதிப்பிடுவோம். மேலே பார்த்த ப்ளூம்பெர்க், நிலேகணி, சிவுகுலா போலப் பெருங்கொடை தருவோர் அந்த வயதினரிடையேதான் மிகுதி.

குடும்ப அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்கு அளிக்கும் 990-பி.எஃப். படிவம் இந்தத் துறையின் பொக்கிஷம் என்றே சொல்வேன். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், அறங்காவலர்கள் யார், மூலதனம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு குடும்பம் பத்தாண்டுகளாக மருத்துவமனைகளுக்கு மட்டுமே கொடுத்து வந்திருந்தால், அவர்களிடம் நூலகக் கட்டடத்துக்காகப் போய் நிற்பது இருவருக்கும் சங்கடம். அதே நேரம், செல்வர்கள் பலர் இப்போது தனி அறக்கட்டளை வைக்காமல் வங்கிகளும் முதலீட்டு நிறுவனங்களும் நடத்தும் பொது நிதியங்களில் தொகையைப் போட்டு, அதன் வழியாகக் கொடுக்கிறார்கள். அங்கே தனிநபர் கணக்கு வெளியே தெரியாது. ஆகையால் படிவத்தில் இல்லை என்பதால் கொடுக்கவில்லை என்று எழுதக் கூடாது.

அரசியல் நன்கொடைப் பதிவுகளில் எச்சரிக்கை தேவை. கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் 200 டாலருக்கு மேல் கொடுத்தவர்களின் பெயர்கள் கிடைக்கும். ஆனால் அந்தத் தனிநபர் விவரங்களை நன்கொடை கேட்பதற்காகப் பயன்படுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. அறக்கொடை கேட்பதும் அதில் அடங்கும் என்று விதி தெளிவாகவே சொல்கிறது. பல அலுவலகங்களில் இது தெரியாமலே அந்தப் பட்டியல்களைத் திறந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்துக் கேட்டு வாங்கிய பிறகே உங்கள் பிரிவு அதைத் தொடட்டும்.

தமிழ் வாசகர்களுக்கு உடனே புரியக்கூடிய, ஆனால் அமெரிக்க அலுவலகங்களில் அடிக்கடி தவறிப்போகும் ஒன்றைச் சொல்கிறேன். நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. எஸ். கார்த்திக் என்று சேர்ந்த மாணவர், கடவுச்சீட்டின் கட்டாயத்தால் கார்த்திக் சுப்பிரமணியன் ஆவார்; சில பதிவுகளில் அதுவே சுப்பிரமணியன் கார்த்திக் என்று தலைகீழாக இருக்கும்; அவர் மனைவியும் பிள்ளைகளும் 'கார்த்திக்' என்பதையே கடைசிப் பெயராக வைத்திருப்பார்கள். கடைசிப் பெயரை வைத்துக் குடும்பத்தைச் சேர்க்கும் மென்பொருள் இவர்களை மூன்று வெவ்வேறு வீட்டாராகக் காட்டும். அதே நேரம் தொடர்பே இல்லாத இரண்டு சுப்பிரமணியன்களை ஒருவராக்கி, ஒருவரின் வீட்டையும் மற்றவரின் பங்குகளையும் கூட்டிப் பெரிய எண்ணைத் தந்துவிடும். அப்படி இரண்டு பேர் ஒன்றாகிவிட்ட குறிப்போடு எங்கள் துணைத்தலைவர் ஒருவர் விருந்துக்குப் போய், எதிரே இருந்தவர் ஒருபோதும் வேலை செய்யாத நிறுவனத்தைப் பற்றி அவரிடமே பத்து நிமிடம் பாராட்டிப் பேசியதை நான் கூட இருந்து பார்த்தேன். குறிப்பை எழுதியவன் நான். அன்றிலிருந்து, பிறந்த ஆண்டு, பட்டம் பெற்ற ஆண்டு, முகவரி, துணைவர் பெயர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் எந்தச் சொத்தையும் எவர் பெயரிலும் நான் ஏற்றியதில்லை. உங்கள் பிரிவுக்கும் இதை எழுத்தில் விதியாக வையுங்கள்.

திறனை எப்போதும் ஓர் ஒற்றை எண்ணாகத் தராமல், ஐந்து ஆண்டுகளில் எல்லா அறங்களுக்கும் சேர்த்து இவர் கொடுக்கக்கூடியது இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்ற வரம்பாகத் தாருங்கள். கண்ணுக்குத் தெரியும் சொத்தில் 5 விழுக்காடு என்பது பல அலுவலகங்களில் பழகிவந்த கணக்கு; அது தொடக்கப் புள்ளியே தவிர முடிவு ஆகாது. தனியார் நிறுவனத்தைத் தொடங்கியவரின் செல்வம் காகிதத்தில் கோடிகளாக இருந்தும், நிறுவனம் விற்கப்படும் வரையோ சந்தைக்கு வரும் வரையோ கையில் பணம் இருக்காது. சந்தைக்கு வந்த பின்னும் வழக்கமாக 180 நாட்கள் விற்கத் தடை இருக்கும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைப்பது, பெருந்தொகை ஒன்றைத் தாளில் எழுதிக் காட்டுவதைவிடப் பயன் தரும்.

இப்போது தலைமை என்ற பகுதிக்கு வருகிறேன். உங்கள் மூன்று பேரின் நேரம் எங்கே போகிறது என்று இரண்டு வாரம் கணக்கெடுத்துப் பாருங்கள். கொடையாளரைச் சந்திக்கப் போகும் அலுவலர்கள் கடைசி நேரத்தில் கேட்கும் விவரக்குறிப்புகளுக்கே பெரும்பகுதி போயிருக்கும். பன்னிரண்டு பக்கக் குறிப்பை யாரும் காரில் போகும்போது படிப்பதில்லை. முதல் சந்திப்புக்கு ஒரு பக்கம் போதும்: பந்தம், முந்தைய கொடை, திறனின் வரம்பு, பேசக் கூடாத செய்தி ஏதேனும் இருந்தால் அது, இவ்வளவுதான். பெருந்தொகை கேட்கப்போகும் கட்டத்தில் மட்டும் விரிவான குறிப்பு எழுதலாம். இப்படி மிச்சமாகும் நேரத்தில்தான் புதிய பெயர்களைக் கண்டுபிடிக்க முடியும்.

ஒவ்வொரு அலுவலரின் கையிலும் நூறு முதல் நூற்றைம்பது பெயர்கள் இருக்கும். அவற்றில் இரண்டு ஆண்டுகளாக யாரும் தொலைபேசியில்கூட அழைக்காத பெயர்கள் எத்தனை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அலுவலர்கள் பெரிய பெயர்களை விட மனமில்லாமல் பிடித்து வைத்திருப்பார்கள். 'இவர் நமக்கு இல்லை' என்று சான்றோடு நீக்கும் ஒவ்வொரு பெயரும் உங்கள் பிரிவின் சாதனையாகக் கணக்கில் வர வேண்டும். எத்தனை குறிப்புகள் எழுதினோம் என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். அப்படி வைத்தால் குறிப்புகள் பெருகும், சந்திப்புகள் பெருகாது. நாங்கள் கண்டு சொன்ன புதிய பெயர்களில் எத்தனை பேரை ஆறு மாதத்துக்குள் அலுவலர் சந்தித்தார், சந்தித்த பின் எங்கள் மதிப்பீடு சரியென்று அவர் கருதினாரா என்ற இரண்டையும் அளந்தால் போதும். அதற்கு, சந்திப்புக்குப் பின் அலுவலர் எழுதும் குறிப்பு உங்களுக்கு வந்தாக வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் உரிமையைத் துணைத்தலைவரிடமிருந்து முதல் மாதத்திலேயே வாங்கிவிடுங்கள்.

நிதி திரட்டல் தொடங்குமுன் இலக்கைச் சோதித்துச் சொல்லும் கடமையும் உங்களுடையது. ஒரு கோடி டாலர் தரும் ஒருவர் வேண்டுமென்றால், அந்த அளவுக்குத் திறனும் பந்தமும் உள்ளவர்கள் மூன்று நான்கு பேராவது பட்டியலில் இருக்க வேண்டும். மேல்தட்டில் அத்தனை பெயர்கள் இல்லையென்றால், இலக்கு அறிவிக்கப்படுவதற்கு முன்பே அதைச் சொல்ல வேண்டும். கேட்பவர்களுக்கு அது இனிக்காது. இருந்தாலும் சொல்லுங்கள்.

வேண்டாம் என்று சொல்லும் துணிவு இந்தப் பொறுப்பில் எவ்வளவு தேவை என்பதை 2024-இல் ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் நடந்தது காட்டியது. அந்த ஆண்டு மே மாதப் பட்டமளிப்பு விழாவில், டெக்சஸைச் சேர்ந்த ஓர் இளம் தொழில்முனைவோர் 23.7 கோடி டாலருக்கு மேல் கொடை தருவதாக மேடையிலேயே மாபெரும் காசோலை வடிவில் அறிவிக்கப்பட்டது. கொடையாக வந்தவை அவருடைய சொந்த நிறுவனத்தின் பங்குகள். சந்தையில் விலை பேசப்படாதவை. ரகசியம் காப்பதாக ஒப்பந்தம் போட்டிருந்ததால் மிகச் சிலருக்கே விவரம் தெரிந்திருந்தது. 2020-இல் கோஸ்டல் கரோலைனா பல்கலைக்கழகத்துக்கு அதே நபர் உறுதியளித்த 9.5 கோடி டாலர் கொடையும் முறிந்துபோயிருந்தது. அறிவிப்பு வந்து இரண்டு வாரத்துக்குள் கொடை நிறுத்தி வைக்கப்பட்டது; ஜூலையில் பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகுவதாக அறிவித்தார்; பின்னர் வந்த விசாரணை அறிக்கை அந்தப் பங்குகளுக்கு மதிப்பில்லை என்றும் உரிய சரிபார்ப்பு நடக்கவில்லை என்றும் கூறியது. அந்த மேடையில் அமர்ந்திருந்த மாணவர்களையும் அவர்கள் பெற்றோரையும் நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. பெருந்தொகை வரும்போதுதான் ஆய்வுப் பிரிவைச் சுற்றிக்கொண்டு போகும் ஆசை எழுகிறது. ஆகையால், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட எந்தக் கொடையும் ஆய்வுப் பிரிவின் எழுத்துமூலச் சரிபார்ப்பு இல்லாமல் ஏற்கப்படாது என்ற விதியை, கொடை எதுவும் மேசையில் இல்லாத அமைதியான நாளிலேயே இயற்றிவிடுங்கள்.

பணம் உண்மையாகவே இருந்தாலும் அது எங்கிருந்து வருகிறது என்பதும் கேள்விதான். லண்டன் பொருளாதாரப் பள்ளி, தன்னிடம் முனைவர் பட்டம் பெற்றவரும் அன்றைய லிபிய ஆட்சியாளர் கடாஃபியின் மகனுமான சைஃப் கடாஃபியின் அறக்கட்டளையிடமிருந்து 15 லட்சம் பவுண்டு ஏற்க ஒப்புக்கொண்டது. 2011-இல் லிபியாவில் நடந்தவை வெளிவந்தபோது அதன் இயக்குநர் பதவி விலக நேர்ந்தது. அதுவரை கைக்கு வந்திருந்தது 3 லட்சம் பவுண்டு மட்டுமே.

மறுபக்கத்தில், நாம் ஆராயும் மனிதருக்கும் உரிமைகள் உண்டு. பிரிட்டனின் தகவல் ஆணையர் 2016 டிசம்பரில் இரண்டு பெரிய அறநிறுவனங்களுக்கும், 2017 ஏப்ரலில் மேலும் பதினொன்றுக்கும் அபராதம் விதித்தார். கொடையாளர்களுக்குத் தெரிவிக்காமல் அவர்களின் செல்வநிலையை ஆராய்ந்தது முக்கியமான குற்றச்சாட்டுகளில் ஒன்று. அமெரிக்காவில் சட்டம் அவ்வளவு கடுமையாக இல்லையென்றாலும், ஐரோப்பாவில் வசிக்கும் உங்கள் முன்னாள் மாணவர்களின் விவரங்களைக் கையாளும்போது அங்குள்ள விதிகளை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அதைவிட எளிய அளவுகோலும் எங்களிடம் இருந்தது: கொடையாளரே நாளை நேரில் வந்து தம் கோப்பைக் கேட்டு வாங்கிப் படித்தால், எந்த வரிக்காவது நாம் தலைகுனிய நேருமா? நேருமென்றால் அந்த வரி எழுதப்படக் கூடாது. மணமுறிவு, நோய், பிள்ளைகளின் சிக்கல் போன்றவை, அவர்களே நம்மிடம் சொன்னாலன்றிக் கோப்பில் இடம்பெற வேண்டியவை அல்ல. பெயர் வெளியே வரக் கூடாது என்று கேட்பவர்களின் ரகசியமும் உங்கள் கையில்தான் இருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு நூறு கோடி டாலருக்கு நெருக்கமாகத் தந்த சக் ஃபீனி, 1997-இல் செய்தி வெளியாகும் வரை நெடுங்காலம் பெயரே தெரியாத கொடையாளராகத்தான் இருந்தார்.

கடைசியாக, மென்பொருள். வாங்கலாம், ஆனால் முதலில் அல்ல. இறந்தவர்களின் பெயர்களையும் இரட்டைப் பதிவுகளையும் உங்கள் தரவுத்தளத்திலிருந்து களைந்த பிறகு, விற்க வருபவரிடம் ஒரு சோதனைக்கு ஒப்புதல் கேளுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே பெருங்கொடை தந்த நூறு பேர், சான்றோடு வேண்டாமென்று நீக்கிய நூறு பேர், நம்மவர் பெயர்கள் உட்பட வெளிநாட்டுப் பெயர்கள் கொண்ட நூறு பேர் என முந்நூறு பெயர்களைக் கலந்து, யார் எவர் என்று சொல்லாமல் கொடுங்கள். மேலே வர வேண்டியவர்களில் எத்தனை பேர் மேலே வந்தார்கள், எத்தனை பேரின் சொத்து வேறொருவர் பெயரில் ஏறியது என்பதை உங்கள் மூன்று ஆய்வாளர்களும் கையால் சரிபார்க்கட்டும். இரண்டு வார வேலை அது. அதன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.